வெறுங்கைக்குக் கிடைத்த சிலுவை

பாலியோஸ்கலா,
ஜனவரி 8, 2025

கடல் ஏழும் தாண்டி மெல்போர்ன் மாநகரில் குடும்பத்தோடும் குளிர்சாதனப் பெட்டி இரண்டோடும் வாழ்ந்துவரும் என் அருமைத் தங்கை ஃபோடினிக்கு, உன் அண்ணன் பாந்தெலிஸ் காயாத தலையோடும் நிமிர்ந்த நெஞ்சோடும் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் அண்ணி எவாந்தியாவும் சுகமே. அவளுக்கு முழங்கால் மட்டும் சுகமில்லை, எனக்கு மூக்கு மட்டும் சுகமில்லை, மற்ற உறுப்புகளெல்லாம் ஆண்டவன் புண்ணியத்தில் அதது அதன் இடத்தில் இருக்கின்றன. அங்கு நீயும் மாப்பிள்ளையும் பேரன் பேத்திகளும் இதைவிடக் கூடுதல் சுகமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் ஜெபம். நேற்று முன்தினம் ஒளித் திருநாள். ஒளி என்றே பொருள்படும் பேர் உனக்கு, ஆகவே அது உன் பெயர்த் திருநாளும்கூட. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடவில்லையே என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். கூப்பிடுகிற நிலைமையில் நான் இல்லை, தங்கச்சி. பகல் முழுக்கப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதோடு இது ஃபோனில் சொல்லுகிற சமாசாரமும் இல்லை. ஃபோனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் நீ பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன். நீ பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து இதை உரக்க வாசித்துக் காட்டவேண்டும். அதுகளுக்கு விளங்கவேண்டும்.

பிள்ளைகளே, கேளுங்கள். நம்ம ஊரில் ஒளித் திருநாளன்று பாதிரியார் துறைமேடையில் நின்று கடலை ஆசீர்வதித்து வெள்ளிச் சிலுவையைத் தண்ணீரில் எறிவார். ஊர் வாலிபர்கள் அந்த ஜனவரிக் குளிரில் குதித்து அதைத் தேடி எடுப்பார்கள். எடுத்தவன் அந்த வருஷத்துக்கு ராஜா. சிலுவையைத் தட்டில் வைத்து, துளசிக் கொத்தோடு வீடு வீடாகப் போவான். கிழவிகள் முத்தம் கொடுப்பார்கள், கிழவர்கள் சாராயம் கொடுப்பார்கள். 1974-ஆம் வருஷம், எனக்கு இருபத்தொரு வயது, அந்தச் சிலுவையை நான் எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். எல்லாருக்கும் முன்னால் மூச்சுப் பிடித்துப் போய், இதோ இந்த வலது கையால் பிடித்து, மேலே வந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து ஒரு சின்னப் பெண் "அண்ணே! பாந்தெலிஸ் அண்ணே!" என்று ஊரே அதிரக் கத்தினாள். அவள் உங்கள் பாட்டி, அப்போது பதின்மூன்று வயது. நான் திரும்பினேன். கையை உயர்த்தி ஆட்டினேன். எந்தக் கையை ஆட்டினேன் என்று கேட்காதீர்கள். சிலுவை வழுக்கி விழுந்தது. மூன்று நாள் ஊரே முங்கித் தேடியது, கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நம்ம ஊரில் சிலுவைக்கு நீளமாக வெள்ளை நாடா கட்டி எறிகிற வழக்கம் வந்தது. அந்த வகையில் பார்த்தால் சபைக்கு என்னால் ஒரு சீர்திருத்தமும் நடந்திருக்கிறது, ஆனால் அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? (அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் உன்னை ஏதோ கொஞ்சம் கடிந்து பேசியிருக்கலாம், ஃபோடினி. எனக்குச் சரியாக ஞாபகமில்லை. விடு.)

அன்று சாயங்காலமே அந்தப் பாவி திராசோஸ், அப்போதே அவன் அப்பன் காப்பிக் கடையில் வெட்டியாக உட்கார்ந்திருப்பான், எனக்குப் பேர் வைத்துவிட்டான். வெறுங்கை. வெறுங்கை பாந்தெலிஸ். நம்ம ஊரில் ஒரு பட்டப்பேர் ஒட்டினால் அது தோலோடுதான் உரியும். நாற்பத்திரண்டு வருஷம் இந்தத் துறைமுகத்தில் கப்பலுக்கு வடம் கட்டினேன். ஒரு கப்பல் என் கட்டிலிருந்து அவிழ்ந்ததுண்டா? கிடையாது. ஆனாலும் கேப்டன்மார் "வெறுங்கையைக் கூப்பிடு" என்றுதான் கூப்பிட்டார்கள். தபால்காரன் விலாசத்தைப் பார்ப்பதே இல்லை, "வெறுங்கை வீடுதானே" என்று கொண்டுவந்து போடுகிறான். என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வழியில் விசாரித்ததே அந்தப் பேரைச் சொல்லித்தான். மெல்போர்னில் நம்ம ஊர்ச் சங்கத்தில்கூட உன்னை "வெறுங்கை தங்கச்சி" என்று சொல்கிறார்கள் என்று நீயே ஒருதரம் சொல்லி அழுதாய். நாளைக்கு நான் செத்தால் என் கல்லறையில் அந்தப் பேரை எழுதமாட்டார்கள், ஆனால் கல்லறை எங்கே என்று யாராவது கேட்டால் அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள்.

சரி, போகட்டும், பழகிவிட்டது என்றுதான் இருந்தேன். நவம்பரில் நம்ம தனாயி வந்தாள். (என் மகள் வயிற்றுப் பேத்தி, பிள்ளைகளே. வீட்டில் அத்தனை பாட்டிமார் பேர் இருக்க, எங்கிருந்தோ ஒரு பேரைப் பிடித்து வைத்தார்கள். அதைப் பற்றித் தனிக் கடிதம் எழுதவேண்டும்.) இருபது வயது, தெசலோனிக்கியில் உடற்பயிற்சிப் படிப்பு, நீச்சலில் பதக்கம் மேல் பதக்கம். அவளைக் கூட்டிக்கொண்டு திராசோஸ் கடைக்குக் காப்பி குடிக்கப் போனேன். அவள் சும்மா இருக்காமல், "இந்த வருஷம் சிலுவைக்கு நானும் குதிக்கப் போறேன்"னு சொன்னாள். கடையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். திராசோஸ் கல்லாவில் சாய்ந்துகொண்டு, "குதிக்கட்டும், குதிக்கட்டும். வெறுங்கை பேத்திதானே. மேல வந்து குடும்ப வழக்கப்படி கையை ஆட்டிட்டுப் போகட்டும்"னான். கடையே சிரித்தது. அவளுக்குக் காது இரண்டும் சிவந்துபோய்விட்டது. தங்கச்சி, என்னைச் சொல்லட்டும், பரவாயில்லை. என் மகளைச் சொன்னான், பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் தலைமுறைக்கும் போகிறதா இந்தப் பேர்? நான் எழுந்து மேஜையை ஒரு தட்டுத் தட்டினேன். மூன்று காப்பி கவிழ்ந்தது. "அவ மட்டும் இல்லடா, நானும் குதிக்கிறேன். இந்தக் கை சிலுவையோட மேல வரும். வந்தா அந்தப் பேரை உன் வாயாலேயே நீ திருப்பி எடுக்கணும்"னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "டேய், உனக்கு எழுபத்திரண்டு வயசுடா. சிலுவையைத் தேடுறதா உன்னைத் தேடுறதா?"ன்னான். ஆனால் கை கொடுத்தான். நாலு பேர் சாட்சி.

வெளியே வந்ததும் தனாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, கோபத்துல சொல்லிட்டீங்க. நான் நூறு மீட்டரை ஒரு நிமிஷத்துல நீந்துறேன். அவனுங்களும் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். "கண்ணு, உங்களுக்கெல்லாம் பலம் கை காலில் இருக்கு. எனக்கு இங்கே இருக்கு" என்று தலையைத் தொட்டுக் காட்டினேன். "நீங்கள் எல்லாம் சிலுவை விழுகிற இடத்துக்கு ஓடுவீங்க. நான் அது வரப்போகிற இடத்தில் முன்னாலேயே நிற்பேன். நாற்பத்திரண்டு வருஷமா இந்தத் தண்ணி எங்கே போகுது, எங்கே வருதுன்னு பார்த்தவன் நான். தெற்குக் காற்று அடிச்சா துறைமுகத்துக் குப்பை மொத்தமும் பழைய கிரேன் படிக்கட்டுக்குத்தான் வரும். தொப்பி விழுந்தாலும் அங்கேதான், துடுப்பு விழுந்தாலும் அங்கேதான். சிலுவைக்கு மட்டும் வேற கடலா?" அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளை ஒன்று வாயை மூடிக்கொண்டு கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து பயிற்சி. கடலோரக் காவல் அதிகாரி, நேற்றுப் பிறந்தவன், அறுபது தாண்டியவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். டாக்டரிடம் போனேன். மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ஐயா, உங்களுக்கு நாற்பது வயசுக்காரர் இதயம்"னார். எனக்கு அப்படியே ஒரு சாண் வளர்ந்த மாதிரி ஆயிற்று. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரும்போது, "நாற்பது வயசுல என்கிட்ட வர்றவங்க யாரும் நல்லா இருக்கிறவங்க இல்லை, பார்த்துக்கோங்க"ன்னார். சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் என்ன சொன்னால் எனக்கென்ன? அப்புறம் மூச்சுப் பிடிக்கிற பயிற்சி. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளே கிடந்தேன். முப்பது எண்ணினேன், நாற்பது எண்ணினேன், நாற்பத்தைந்தில் உன் அண்ணி சோப்பு எடுக்க உள்ளே வந்தவள் நான் கண்ணைத் திறந்தபடி அடியில் கிடப்பதைப் பார்த்து "ஐயோ என் மனுஷன் போயிட்டாரே!" என்று ஜன்னலைத் திறந்து அலறினாள். நான் எழுந்து நின்று "இருக்கேன் எவாந்தியா, இருக்கேன்!" என்று சொல்வதற்குள் தெருவே உள்ளே வந்துவிட்டது. முன்னால் வந்தவன் யார்? திராசோஸ். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "கை மட்டும்தான் வெறுமைன்னு நெனச்சிட்டிருந்தேன்"னு சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க எவாந்தியா என்னோடு பேசவில்லை. பேசியபோது, "உங்க வயசுல ஆம்பளைங்க புறாவுக்குத் தீனி போடுறாங்க"ன்னு மட்டும் சொன்னாள்.

இந்த இடத்தில் உன்னைப் பற்றியும் எழுதவேண்டும். செய்தி கேட்டதும் நீ ஃபோன் பண்ணி என்னை என்னவெல்லாம் திட்டினாய்! "அண்ணே, உனக்குப் பைத்தியமா? குதிச்சே, நான் உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்"னு சொன்னாய். சரி. ஒரு வாரம் கழித்து நீயே திரும்பக் கூப்பிட்டு, தேனாக இனிக்கப் பேசி, "சரி, குதி. எந்தப் பக்கம் குதிக்கப் போறே?"ன்னு கேட்டாய். கிரேன் படிக்கட்டுப் பக்கம் என்றேன். "நிச்சயமா?" என்றாய். நிச்சயம் என்றேன். "மனசு மாறமாட்டியே?" என்று மூன்றாம் தரமும் கேட்டாய். அப்புறம் தனாயியிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி அரைமணி நேரம் பேசினாய். அண்ணன் திறமையில் கடைசியாக உனக்கும் நம்பிக்கை வந்துவிட்டதே என்று அன்றிரவு எவாந்தியாவிடம் மூன்று தரம் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு நீ தனாயிக்கு அனுப்பிய பார்சலும் பத்திரமாக வந்து சேர்ந்தது. சாக்லேட் என்று எழுதியிருந்தாய், ஆனால் நல்ல கனம். நான் ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு அந்தப் பிள்ளை பார்சலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டது. இந்த வயதில் என்ன சாப்பாட்டு ஆசை பார்!

இனி திருநாளுக்கு வருகிறேன். காலையில் கடுங்குளிர், நான் கணக்குப் போட்டபடியே தெற்குக் காற்று. தனாயி விடிந்ததும் விடியாததுமாகத் தனியாகப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தாள். உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவாம். இளரத்தம், வீணாகச் செலவழிக்கிறது. நான் அனுபவசாலி, அடுப்பங்கரைக்குப் போய் உடம்பு முழுக்க ஆலிவ் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். எண்ணெய் பூசினால் குளிர் உள்ளே இறங்காது, இது எங்கள் துறைமுகத்து ஆட்களுக்குத் தெரிந்த ரகசியம். ஆனால் நான் எடுத்த டப்பா புது எண்ணெய் டப்பா இல்லை, எவாந்தியா முதல்நாள் மத்தி மீன் பொரித்த எண்ணெயை ஆறவைத்து ஊற்றிவைத்த டப்பா. வழியில் ஒரு பூனை வந்தது. அப்புறம் மூன்று. கோயில் ஊர்வலம் துறைமேடைக்குத் திரும்பும்போது முன்னால் சிலுவை, பின்னால் பாட்டுக்காரர்கள், அதற்குப் பின்னால் நான், என் பின்னால் துறைமுகத்துப் பூனைகள் அத்தனையும் வால் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தன. வாத்தியக்காரர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் எக்காளத்தைக் கீழே வைத்துவிட்டான். பாதிரியார் அந்திமோஸ் திரும்பிப் பார்த்து, "பாந்தெலிஸ் ஐயா, இதெல்லாம் உங்க சொந்தக்காரங்களா?"ன்னு கேட்டார். "இல்ல சாமி, பக்தகோடிகள்"னேன்.

வாலிபர்கள் பன்னிரண்டு பேரும் தனாயியும் படகுகளில் வரிசையாக நின்றார்கள். என்ன தோள், என்ன தொடை! குளிரில் ஒவ்வொருவன் உடம்பிலிருந்தும் ஆவி பறக்கிறது. நான் மட்டும் தனியாகக் கிரேன் படிக்கட்டில், முழங்கால் தண்ணீரில், பூனைகள் சூழ நின்றேன். ஜனம் மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. திராசோஸ் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "வெறுங்கை! சாமி அந்தப் பக்கம் இருக்காரு, நீ இந்தப் பக்கம் மீனா பிடிக்கப் போறே?"ன்னான். கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே தனாயி என் காதில் ஒன்று சொல்லியிருந்தாள்: "தாத்தா, நீங்க சொன்னதை நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொல்றதுதான் சரி. தண்ணிக்குள்ள கடைசிப் படிக்கு அடியில ஒரு பொந்து இருக்குல்ல, நீரோட்டம் அங்கேதான் கொண்டுபோகும். கையை நல்லா உள்ளே விட்டுப் பாருங்க." பார்த்தாயா! என் பாடத்தை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்! நான் சொல்லாத பொந்தைக்கூட அவளாகவே ஊகித்திருக்கிறாள்.

சாமி ஜெபத்தை முடித்தார், கையை ஓங்கினார், எறிந்தார். எந்தப் பக்கம் எறிந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. வலது பக்கம், என்னிடமிருந்து வெகுதூரம், என்று பிற்பாடு சொன்னார்கள். அது முக்கியமில்லை. நான் குதித்தேன். தங்கச்சி, ஜனவரித் தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா? மார்பில் யாரோ இரும்புக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. என் பேர் மறந்துபோயிற்று, பட்டப்பேர்கூட மறந்துபோயிற்று, அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நிம்மதி! கண்ணைத் திறந்தேன், ஒரே பச்சை. படியைப் பிடித்துப் பிடித்துக் கீழே போனேன், பொந்துக்குள் கையை விட்டேன். முதலில் கல். அப்புறம் ஒரு நண்டு, அது தன் கருத்தைத் தெரிவித்தது, இன்னும் விரல் வீங்கியிருக்கிறது. அப்புறம் சில்லென்று, தட்டையாக, நாலு முனையோடு ஒன்று. எனக்குத் தெரிந்துவிட்டது. கை அதை மறக்கவே இல்லை. இந்தத் தடவை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலால் மட்டும் உதைத்து மேலே வந்தேன்.

வந்தால், கூட்டம் கைதட்டுகிறது. எனக்குத்தான் என்று நினைத்துத் தலை வணங்கினேன். பார்த்தால், அந்தப் பக்கம் அதே நொடியில் தனாயியும் மேலே வந்திருக்கிறாள், அவள் கையில் வெள்ளை நாடாவோடு ஒரு சிலுவை! நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டல் நின்றுவிட்டது. வாத்தியம் நின்றுவிட்டது. கடலோரக் காவல்காரன் வாயில் விசிலோடு அப்படியே நின்றான். சாமி, பாவம், இரண்டு எறிந்துவிட்டோமோ என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரோ என்னை இழுத்துக் கரையேற்றிக் கம்பளி போர்த்தினார்கள். சாமி சிலுவையை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. அப்போது திராசோஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். கண்ணாடியைப் போட்டான். சிலுவையின் இடது முனையை விரலால் தடவினான். அந்தக் காலத்துப் பெரிய சாமி பலிபீடப் படியில் தவறவிட்டு மழுங்கின முனை, உனக்கு ஞாபகமிருக்கும். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது எழுபத்துநாலாம் வருஷத்துச் சிலுவைடா"ன்னான். "பாந்தெலிஸ், இது உன் சிலுவைடா."

ஃபோடினி, ஐம்பத்தொரு வருஷத்தில் அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். நான் அழவில்லை, உப்புத் தண்ணீர். சாமி இரண்டு சிலுவையையும் ஒரே தட்டில் வைத்தார். திராசோஸ் நாற்காலி மேல் ஏறி நின்று, "எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே எவனாவது வெறுங்கைன்னு வாயைத் திறந்தான், அவனுக்கு என் கடையில காப்பி கிடையாது!" என்று ஊரறியச் சொன்னான். தபால்காரன் இன்று காலை "பாந்தெலிஸ் வீடு" என்று கூப்பிட்டான், எவாந்தியா யாரோ புது ஆள் என்று கதவைத் திறக்கவே இல்லை.

இன்னொரு அதிசயமும் எழுதவேண்டும். ஐம்பத்தொரு வருஷம் கடலுக்கடியில் கிடந்த சிலுவை, ஒரு பாசி கிடையாது, ஒரு சிப்பி ஒட்டவில்லை, பளபளவென்று முகம் பார்க்கலாம். டிசம்பர் முழுக்க அதே படிக்கட்டில்தான் இறங்கிப் பழகினேன், அதே பொந்தில் காலை விட்டுத் துழாவியிருக்கிறேன், அப்போதெல்லாம் அகப்படவில்லை. சரியான நாளுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது! அதில் ஒரு பரிசுத்த வாசனைகூட இருக்கிறது, பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. அந்தக் காலத்துச் சாம்பிராணியின் தரம் அப்படி என்று சாமியிடம் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஆசீர்வதித்தார்.

ஆக, உன் பேரப்பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்: இருபது வயசும் எழுபத்திரண்டு வயசும் ஒரே நேரத்தில் முங்கி, ஒரே நேரத்தில் எழுந்தது. அவளுக்கு மூச்சு, எனக்கு மூளை. ஆனால் அவள் எடுத்தது இன்றைய சிலுவை, யாரும் எடுக்கலாம். நான் எடுத்தது ஊர் முழுக்க மூன்று நாள் தேடியும் அகப்படாதது. அனுபவம் என்றால் இதுதான்.

எவாந்தியா உனக்கு முத்தங்களும் தேன் பணியாரம் செய்முறையும் அனுப்புகிறாள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு நெற்றியில் ஆளுக்கொரு முத்தம். பெயர்த் திருநாள் கண்ட என் தங்கை, கண் ஒளி மங்காமல், கால் தளராமல், பல்லாண்டு பல்லாண்டு இருக்கவேண்டும் என்று இரண்டு சிலுவையையும் சாட்சி வைத்து ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்,
பாந்தெலிஸ் கராவாஸ் (வேறு பேர் எதுவும் கிடையாது)

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் எவாந்தியா உள்ளே வந்தாள். தனாயியின் நீச்சல் பையைத் துவைக்க எடுத்தவள், அதிலிருந்து ஒரு நீலக் கம்பளிப் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள். கையால் பின்னியது. மூலையில் 'ஃபோ' என்று உன் பேரின் முதலெழுத்து. பரிசுத்த வாசனை அதிலும் அடித்தது. "மனுஷா, இது பாச்சை உருண்டை வாசனை"ன்னு எவாந்தியா சொன்னாள்.

தனாயியைக் கூப்பிட்டேன். முதலில் மென்று முழுங்கினாள், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூன்று நாள் தேடல் முடிந்து நாலாம் நாள், சிப்பி பொறுக்கக் கிரேன் படிக்கட்டில் முங்கினபோது கடைசிப் படிக்கு அடியிலிருந்த பொந்தில் உனக்குத்தான் கிடைத்தது என்று. அண்ணனிடம் கொடுக்க ஓடிவந்தாய் என்று. நான் வாசலில் நின்று, உன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வை என்று அவளிடம் சொல்லி அனுப்பினாய் என்று. இன்னொன்றும் சொன்னாள். அவளுக்கு அவள் சிலுவை இருபதாவது நொடியிலேயே கிடைத்துவிட்டதாம். தாத்தா மேலே வருகிறவரை அடியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாளாம். ஒரு நிமிஷம் நாற்பது நொடி, தங்கச்சி! அந்தக் குளிரில்!

மேலே 'ஞாபகமில்லை' என்று எழுதியிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறது. ஊரே பார்க்க உன் சடையைப் பிடித்து இழுத்து, "உன் வாயாலதான்டி எல்லாம் போச்சு, நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்"னு சொன்னேன். கை ஆட்டினது நான். ஐம்பத்தொரு வருஷமாக உன்னிடம் கேட்காத மன்னிப்பை இப்போது கேட்கிறேன். நீ அதைத் தூக்கி எறியாமல், கடல் தாண்டிக் கொண்டுபோய், கம்பளி பின்னி, துடைத்துத் துடைத்து வைத்திருந்தாயே, தங்கச்சி! சாமிக்கு அந்த வாசனையிலேயே விஷயம் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். திராசோஸுக்குச் சொல்லப்போவதில்லை. கவனித்துக்கொள், 1974-இல் விழுந்த சிலுவை கிரேன் படிக்கட்டுக்குத்தான் வந்திருக்கிறது. அதாவது என் நீரோட்டக் கணக்கு சரி!

பிள்ளைகளுக்கு மேலே எழுதியதை மட்டும் வாசி, இதை வாசிக்காதே. அடுத்த ஒளித் திருநாளுக்குப் புறப்பட்டு வா. தனாயி குதிப்பாள், நானும் குதிப்பேன், டாக்டர் சீட்டு ஒரு வருஷத்துக்குச் செல்லும். நீ கரையில் நின்று அன்றைக்குக் கத்தினது மாதிரியே என் பேரைச் சொல்லிக் கத்து. நான் திரும்பிப் பார்ப்பேன். கையை மட்டும் ஆட்டமாட்டேன்.